யோனத்தானை முழுசாக வாசியுங்கள்: வேதத்தை விளக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களுக்கும் குருக்களுக்கும், வேதபாடம் எடுக்கும் அண்ணன்மார் அக்காமாருக்கும், இறையியல் கல்லூரி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பிற்பாடு இஸ்ரவேலின் ராஜாவான தாவீதுக்கும், அவனுக்கு முந்தின ராஜா சவுலின் மகன் யோனத்தானுக்கும் நடுவில் இருந்தது என்ன என்று உங்களிடம் கேட்டால், இரண்டு பதில்களில் ஒன்று வருகிறது. உங்களில் பெரும்பாலானோர், "நல்ல சிநேகம், அவ்வளவுதான். அதற்குமேல் யோசிப்பது கெட்ட புத்தி" என்று பேச்சை முடித்துவிடுகிறீர்கள். வேறு சிலர், "அவர்கள் காதலர்கள், சபைதான் இத்தனை காலம் மூடி மறைத்தது" என்று அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனாலும் முதல் தரப்போடுதான் எனக்குச் சண்டை அதிகம். ஒலிபெருக்கி உங்கள் கையில்தானே இருக்கிறது!

நான் இறையியல் படித்தவன் இல்லை. வேதத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவன், அவ்வப்போது வாலிபர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். இந்த மடலில் நான் மேற்கோள் காட்டுவது நம் சபைகளில் பழகிய பழைய மொழிபெயர்ப்பைத்தான்.

முதலில் வாசகத்துக்கு வருவோம். தான் கொன்ற ராட்சத வீரன் கோலியாத்தின் தலையைக் கையில் பிடித்தபடி தாவீது சவுலின் முன் நிற்கிறான். அவன் பேசி முடித்ததும், "யோனத்தானுடைய ஆத்துமா தாவீதின் ஆத்துமாவோடே ஒன்றாய் இசைந்திருந்தது, யோனத்தான் அவனைத் தன் உயிரைப்போலச் சிநேகித்தான்" என்கிறது 1 சாமுவேல் 18:1. அப்புறம் உடன்படிக்கை. பட்டத்து இளவரசன் தன் சால்வையைக் கழற்றுகிறான். வஸ்திரம், பட்டயம், வில், கச்சை என்று ஒவ்வொன்றாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் கையில் கொடுக்கிறான்.

உடையைக் கழற்றினான் என்றதும் ஒரு தரப்புக்குப் படுக்கையறை தெரிகிறது. மறு தரப்புக்குத் தாராள மனசு தெரிகிறது. இந்தப் புத்தகத்தில் ராஜாவின் சால்வை என்றால் என்ன பொருள் என்று நாலு பக்கம் முன்னும் பின்னும் புரட்டிப் பாருங்கள். 15ஆம் அதிகாரத்தில் சவுல் எட்டிப் பிடித்ததும் தீர்க்கதரிசி சாமுவேலின் சால்வைத் தொங்கல் கிழிகிறது. ராஜ்யம் இன்று உன்னிடமிருந்து கிழிக்கப்பட்டது என்று சாமுவேல் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார். 17ஆம் அதிகாரத்தில் சவுலின் போர் உடுப்பு தாவீதுக்கு ஒத்துவரவில்லை, களைந்துபோடுகிறான். 24ஆம் அதிகாரத்தில் குகைக்குள் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்துவிட்டு மனம் அடித்துக்கொண்டு நிற்கிறான். இப்படி ஒரு கதையின் நடுவில், அடுத்த ராஜாவாக வேண்டியவன் தன் சால்வையை இன்னொருவன் தோளில் போடுகிறான் என்றால், அவன் கொடுப்பது சிங்காசனத்தை. யோனத்தானே இதைப் பிற்பாடு வாய்விட்டுச் சொல்கிறான். சீப் வனாந்தரத்தில் ஒளிந்திருக்கும் தாவீதைத் தேடிப்போய், "நீர் இஸ்ரவேலின்மேல் ராஜாவாயிருப்பீர், அப்பொழுது நான் உமக்கு இரண்டாவதாயிருப்பேன்" என்கிறான் (23:17). அதுதான் அவர்களுடைய கடைசிச் சந்திப்பு.

அந்தக் காலத்து அரசியலில் நேசம் என்பது ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்படுகிற விஷயமாகவும் இருந்தது. கி.மு. 672இல் அசீரியப் பேரரசன் எசரத்தோன் தன் மகன் அசூர்பானிபாலை வாரிசாக அறிவித்தான். அப்போது கீழ்ப்பட்ட அரசர்களிடம் வாங்கிய சத்தியத்தில், அவனை உங்களைப்போலவே நேசிக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. நம் பிரசங்கங்களில் உருகி உருகிச் சொல்லும் "தன் உயிரைப்போல" என்பதற்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது இது. 1963இல் வில்லியம் மோரன் என்ற ஆய்வாளர், உபாகமம் கேட்கும் தேவநேசத்துக்குப் பின்னால் இந்த ஒப்பந்த மரபு இருப்பதைக் காட்டினார். அதன்பின் பலர் தாவீதின் கதையையும் இதே கண்ணோடு வாசித்தார்கள். தீருவின் ராஜா ஈராம் தாவீதைச் சிநேகித்தான் என்பதை யாரும் காதல் கதையாக வாசிப்பதில்லை. இஸ்ரவேலரும் யூதாவும் எல்லோருமே தாவீதைச் சிநேகித்தார்கள் என்று 18:16 சொல்கிறது. சவுல் சிநேகித்தான், சவுலின் மகள் மீகாள் நேசித்தாள், ஊரே நேசித்தது. அந்த அதிகாரம் முழுக்க எல்லோரும் தாவீதின் பக்கம் சாய்கிற கதைதான்.

இன்னும் ஒருபடி மேலே போய், இதெல்லாம் தாவீதின் வம்சத்துக்காக எழுதப்பட்ட நியாயப்படுத்தல் என்பவர்களும் உண்டு. முந்தின ராஜாவின் மகனே மனமுவந்து பட்டத்தைக் கொடுத்துவிட்டான் என்று சொன்னால், சிங்காசனத்தைப் பிடித்தவன் மேல் பழி நிற்காதே!

சரி, அப்படியானால் எல்லாமே வெறும் அரசியல்தானா? 20ஆம் அதிகாரத்தை வாசித்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அமாவாசை விருந்து. சவுல் கொல்லப் பார்க்கிறான் என்று தாவீது ஒளிந்திருப்பதால் அவன் இடம் காலியாக இருக்கிறது. முதல் நாள் சவுல் ஒன்றும் சொல்லவில்லை, தீட்டாயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறான். மறுநாளும் இடம் காலி. ஈசாயின் மகன் தாவீது எங்கே என்று கேட்கிறான், யோனத்தான் சாக்குச் சொல்கிறான், சவுல் வெடிக்கிறான். பெற்ற தாயை இழுத்து மகனைத் திட்டுகிறான், உனக்கும் உன் தாயின் மானத்துக்கும் வெட்கம் என்கிறான். இந்த வசவில் உடலுறவைக் குறித்த குத்தல் இருக்கிறது என்று சில ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். அப்படி வாசிக்க இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்த வசனத்திலேயே சவுல் தன் கோபத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறான்: தாவீது உயிரோடு இருக்கும்வரை உனக்கும் நிலையில்லை, உன் ராஜ்யத்துக்கும் நிலையில்லை. மகன் பட்டத்தைக் கோட்டைவிடுகிறான் என்ற அப்பனின் ஆத்திரம் அது. ஆத்திரம் தலைக்கேறி, தாவீதுக்கு ஓங்கிய ஈட்டியை இப்போது சொந்த மகன் மேலேயே எறிகிறான். யோனத்தான் சாப்பிடாமல் எழுந்து போய்விடுகிறான்.

மறுநாள் காலை வயல்வெளி. கூட ஒரு சின்னப் பையன். அம்பு எய்வது, "அம்பு உனக்கு அப்புறத்தில் இருக்கிறதல்லவா" என்று கூப்பிடுவது எல்லாம் முன்பே பேசிவைத்த அடையாளம். ஓடிப்போ என்ற சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. தாவீது அப்படியே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பையன் கையில் ஆயுதங்களைக் கொடுத்து ஊருக்கு அனுப்புகிறான் யோனத்தான். பையன் போனபிறகு தாவீது மறைவிடத்திலிருந்து எழுந்துவருகிறான். வந்தவன் முதலில் என்ன செய்கிறான்? தரையில் முகங்குப்புற விழுந்து மூன்று தடவை வணங்குகிறான். இளவரசனுக்குக் குடிமகன் செய்யும் மரியாதை. அந்த மரியாதை அத்தோடு உடைந்துபோகிறது: ஒருவரையொருவர் முத்தஞ்செய்து அழுகிறார்கள், தாவீது அதிகமாய் அழுகிறான். சுற்றிலும் பார்க்க ஆள் இல்லை, சாட்சிக்காரன் இல்லை. அரசியல் ஒப்பந்தம் மட்டும் என்றால் அந்தக் கண்ணீர் யாருக்காக?

முத்தத்தைப் பற்றியும் நேராகப் பேசிவிடுவோம், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறீர்கள். சவுலை அபிஷேகம் பண்ணும்போது சாமுவேல் அவனை முத்தஞ்செய்தார். ஏசா ஓடிவந்து யாக்கோபை முத்தஞ்செய்தான். யோசேப்பு தன் சகோதரர் எல்லாரையும் முத்தஞ்செய்தான். யோவாப், அமாசாவை முத்தமிடுகிறவன் போல் தாடியைப் பிடித்து வயிற்றில் குத்தினான். எபேசு சபை மூப்பர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது முத்தமிட்டார்கள். ஆண்கள் முத்தமிட்டுக்கொள்வது அந்த உலகத்தில் சாதாரணம். ஆகவே முத்தம் ஒன்றை வைத்துக் காதல் என்று நிரூபிக்க முடியாது. இவ்வளவு எளிதான ஒரு பதில் கையில் இருந்தும் நீங்கள் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஒரு வாலிபர் முகாமில் இந்த 41ஆம் வசனத்தைப் பாதியில் தாண்டிப்போன ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு தம்பி கையைத் தூக்கி, "அவங்க ஏன் முத்தம் குடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. பாடம் எடுத்தவர், "மனசு சுத்தமா இருந்தா இந்தக் கேள்வி வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டார். அதன்பின் முகாம் முடியும்வரை யாருமே கேள்வி கேட்கவில்லை. வேதம் சொன்னதைத்தான் அவன் கேட்டான், அவனே கற்பனை பண்ணிக் கேட்கவில்லையே!

எதிர்த் தரப்புக்கும் ஒரு தகவல். ஆத்துமா ஒன்றாய் இசைந்தது, சால்வையைக் கழற்றியது இரண்டும் வரும் அந்தப் பகுதி, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் சுவடி என்ற கிரேக்க வேதப் பிரதியில் கிடையாது. 17:55 முதல் 18:5 வரை அதில் இல்லை. எபிரேய வாசகத்தில் இரண்டு மரபுகள் பிற்பாடு சேர்ந்தனவா, கிரேக்கத்தில் சுருக்கினார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதேபோல ஓர் உயிர் இன்னோர் உயிரோடு இணைந்திருக்கிறது என்ற பேச்சு ஆதியாகமம் 44ஆம் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே அது யாக்கோபுக்கும் கடைக்குட்டி பென்யமீனுக்கும் இடையில், அதாவது அப்பனுக்கும் மகனுக்கும் இடையில். ஒரே ஒரு வசனத்தின் மேல் ஒரு காதல் கதையைக் கட்டி எழுப்புகிறவர்கள் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கட்டட்டும்.

இனி அந்தப் புலம்பல். கில்போவா மலையில் சவுலும் யோனத்தானும் செத்துக்கிடக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் தாவீது பாடுகிற பாட்டு, 2 சாமுவேல் 1ஆம் அதிகாரம். யாசேரின் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது என்று வாசகமே சொல்கிறது. அந்தப் புஸ்தகம் இன்று நம்மிடம் இல்லை. பாட்டின் பெரும்பகுதி ஊருக்காகப் பாடுவது. காத்பட்டணத்தில் அறிவிக்காதேயுங்கள், கில்போவா மலைகளே உங்கள்மேல் மழை பெய்யாதிருப்பதாக, இஸ்ரவேலின் குமாரத்திகளே சவுலுக்காக அழுங்கள். தன்னைக் கொல்லத் துரத்திய சவுலையும் பிரியமும் இன்பமுமானவன் என்றே பாடுகிறான். இரங்கற்பாவின் நாகரிகம் அது. அடுத்த ராஜாவாகப் போகிறவனின் சாமர்த்தியமும்கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 26ஆம் வசனத்தில் பாட்டு திரும்புகிறது. மலையிடமும் குமாரத்திகளிடமும் பேசிக்கொண்டிருந்தவன் செத்தவனிடமே பேசுகிறான்: "என் சகோதரனாகிய யோனத்தானே, உனக்காக நான் வியாகுலப்படுகிறேன், நீ எனக்கு வெகு இன்பமாயிருந்தாய், உன் சிநேகம் ஆச்சரியமாயிருந்தது, ஸ்திரீகளின் சிநேகத்தைப்பார்க்கிலும் அதிகமாயிருந்தது."

சவுலுக்கு இப்படி ஒரு வரி இல்லை. அவன் மனைவிமாரில் மீகாளுக்கு இல்லை, அபிகாயிலுக்கு இல்லை, பத்சேபாளுக்கும் இல்லை. "ஸ்திரீகளின் சிநேகம்" என்ற ஒப்பீடு வேண்டுமென்றே வைத்தது. ஒப்பிட்டவனுக்கு அப்போதே மனைவிகள் இருந்தார்கள். அவன் ஒப்பிடுவது எதை எதோடு? ஆசையையா, விசுவாசத்தையா, தியாகத்தையா? பாட்டு அதைச் சொல்லாமலே முடிகிறது. அந்த வரியைச் சவப்பெட்டியில் வைத்து ஆணி அடிப்பதுபோல "ஆழ்ந்த நட்பு" என்ற இரண்டு சொல்லில் மூடுகிறீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

தாவீதுக்கு அத்தனை மனைவிகள், யோனத்தானுக்கு மேவிபோசேத் என்ற மகன், ஆகவே கேள்விக்கே இடமில்லை என்கிறீர்கள். இது பலவீனமான வாதம், விட்டுவிடுங்கள். அந்த உலகத்தில் கல்யாணம் வாரிசுக்கும் குடும்பக் கூட்டணிக்கும் நடந்தது; மனசு எங்கே இருந்தது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. இதைவிட நல்ல வாதம் ஒன்று உங்களுக்காக இருக்கிறது. சாமுவேல் புத்தகத்தை எழுதியவர் கூச்சப்படுகிறவர் இல்லை. பத்சேபாள் குளிப்பதைத் தாவீது மாடியிலிருந்து பார்த்ததை எழுதினார். தாவீதின் மகன் அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுத்ததை எழுதினார். இன்னொரு மகன் அப்சலோம் மாடியில் கூடாரம் போட்டு, எல்லார் கண்ணுக்கும் முன்பாக, அப்பன் தாவீதின் மறுமனையாட்டிகளிடம் போனதை எழுதினார். இப்படிப்பட்டவர் யோனத்தான் விஷயத்தில் உடலுறவு என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. எனக்கு இது கனமான சான்றாகப் படுகிறது. முடிவான சான்று என்று சொல்லமாட்டேன். சொல்லாமல் விட்டதும் இல்லை என்று மறுத்ததும் ஒன்றாகிவிடாது. என் கணிப்பைக் கேட்டால் இவ்வளவுதான்: அவர்கள் உடலால் சேர்ந்தார்கள் என்று இந்த வாசகம் சொல்லவில்லை, அவர்கள் நேசத்தை நாம் பழகிய "ஃப்ரெண்ட்ஷிப்" என்ற சின்னப் பெட்டிக்குள் அடைக்கவும் இந்த வாசகம் விடவில்லை.

நண்பன், காதலன் என்று நாம் இன்று கோடு போட்டுப் பிரிப்பது போல எல்லாக் காலத்திலும் பிரித்தார்கள் என்று நினைக்கவேண்டாம். தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பதை ஒரு மனித வகையாகக் குறிக்க ஐரோப்பாவில் புழங்கும் சொல்லையே கார்ல் மரியா கெர்ட்பெனி 1869இல்தான் அச்சுக்குக் கொண்டுவந்தார். அப்படி ஈர்ப்பு உள்ளவர்கள் அதற்கு முன்னால் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. தாவீதை அந்த வகைக்குள் சேர்க்கலாமா என்ற கேள்வி தாவீதின் காலத்து ஆளுக்குப் புரிந்திருக்காது, அவ்வளவுதான். "அவன் நிச்சயமாக அந்த வகை இல்லை" என்று சத்தியம் பண்ணுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் இப்படிப்பட்ட கேள்வியே இந்தக் காலத்து மேற்கத்திய வியாதி என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. பழைய கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் அகிலஸ், பெட்ரோக்ளஸ் என்ற இரண்டு வீரர்கள். நண்பன் செத்ததும் அகிலஸ் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு புரள்கிறான். அவர்கள் காதலர்கள் என்று ஹோமர் எங்கும் சொல்லவில்லை. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ஈஸ்கிலஸ் தன் நாடகத்தில் அவர்களைக் காதலர்களாக்கினார். தத்துவஞானி பிளேட்டோ எழுதிய "விருந்து" என்ற உரையாடலில் ஒருவர், அந்த இருவரில் யார் காதலித்தவன் யார் காதலிக்கப்பட்டவன் என்பதில் ஈஸ்கிலஸ் தப்புப் பண்ணிவிட்டார் என்று வாதாடுகிறார். செனபோன் என்ற கிரேக்க எழுத்தாளரின் நூலில் வரும் சாக்ரடீசோ, ஹோமர் அவர்களைத் தோழர்களாகத்தான் காட்டினார் என்கிறார். நம் வாலிபர் முகாமில் அடக்கப்பட்ட அதே கேள்வியை இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே விருந்து சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாகப் பேசியிருக்கிறார்கள். அதைவிடப் பழைய மெசொப்பொத்தேமிய கில்காமேஷ் காவியத்தில், செத்துப்போன நண்பன் என்கிடுவின் முகத்தை மணப்பெண்ணுக்கு மூடுவதுபோல் கில்காமேஷ் துணியால் மூடுகிறான். அதற்கு என்ன அர்த்தம் என்றும் இன்றுவரை ஒருமித்த கருத்து கிடையாது.

வேதத்தை வாசித்தவர்களும் ஒரே மாதிரி வாசிக்கவில்லை. யூத ரபிமார் ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுத்த மிஷ்னாவில் ஆவோத் என்ற பகுதி இருக்கிறது. ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிற நேசம் அது தீர்ந்ததும் தீரும், எதையும் எதிர்பார்க்காத நேசம் தீராது என்கிறது அது. முதலாவதற்கு உதாரணம் அம்னோன்–தாமார், இரண்டாவதற்கு தாவீது–யோனத்தான். கவனித்தீர்களா? உடல் இச்சையின் கதையைப் பக்கத்தில் வைத்துத்தான் இந்தக் கதையை எடைபோடுகிறார்கள். ஒரே அளவுகோலில் இரண்டையும் வைக்க அவர்கள் தயங்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரீவோ மடத்துத் தலைவராயிருந்த ஏல்ரெட், ஆவிக்குரிய நட்பைப் பற்றி ஒரு நூலே எழுதி, யோனத்தானை அதற்கு முன்மாதிரியாக வைத்தார். சிங்காசனத்தைவிட நண்பன் பெரிசு என்று நினைத்தானே, அதுதான் அவரைக் கவர்ந்தது. 1980இல் ஜான் பாஸ்வெல் என்ற வரலாற்றாசிரியர் அந்த ஏல்ரெட்டையே தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று வாதாடினார். 1895இல் ஆண்களோடு உறவு வைத்ததாக வந்த வழக்கில் லண்டன் நீதிமன்றக் கூண்டில் நின்ற எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட், பெயர் சொல்லத் துணியாத அந்த நேசம் எது என்று கேட்டபோது முதலில் சொன்ன உதாரணம் தாவீதும் யோனத்தானும்தான். அவருக்குக் கடைசியில் கிடைத்தது இரண்டு வருஷக் கடுங்காவல். மடத்துத் துறவிக்கும் கைதிக்கும் ஒரே கதை ஆறுதலாக இருந்திருக்கிறது. இந்தக் கதையைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் கெட்ட புத்தியோடு வருகிறார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

தமிழ் வாசகனுக்கு இதில் தனியாக ஓர் அனுகூலம் உண்டு. நம்மாழ்வார் பராங்குச நாயகியாக, திருமங்கையாழ்வார் பரகால நாயகியாக, ஆண் கவிஞர்களே பெண்ணாக மாறிப் பெருமாள்மேல் காதல்கொண்டு, வளை கழன்று, தூக்கம் கெட்டுப் பாடிய பாட்டுகளை நாம் எத்தனை நூற்றாண்டாக வாசிக்கிறோம்? அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. உடல் மொழியே அதில் கிடையாது என்று யாரும் சாதிப்பதும் இல்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, நேரில் பார்த்தே இராத பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கிவைத்ததும், அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து உயிர்விட்டதும் நமக்குத் தெரியும். நேசத்தின் உச்சத்தைப் பாட ஒரு மொழி எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்த நாம், எபிரேயப் பாட்டைக் கண்டு மட்டும் ஏன் பதறவேண்டும்?

ரூத்தின் வசனம் ஒன்று போதும் இதைக் காட்ட. "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்." கல்யாண ஆராதனையில் மணமக்களுக்கு வாசிக்கிறீர்கள். அது மருமகள் மாமியாரிடம் சொன்னது. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொன்ன உறுதிமொழியைக் கணவன் மனைவிக்கு எடுத்துவைக்க உங்களுக்குக் கூச்சமே வரவில்லை. நேசத்தின் மொழி ஒரு உறவிலிருந்து இன்னொரு உறவுக்குத் தாண்டும் என்பதை நீங்களே செய்து காட்டுகிறீர்கள். நூற்றுக்கதிபதியின் வேலைக்காரன், இயேசுவின் மார்பில் சாய்ந்திருந்த அன்பான சீஷன், இவர்களைப் பற்றியும் இதே கேள்விகள் எழுப்பப்படுகின்றன. அங்கே வாசகம் தருவது இதைவிடக் குறைவு. நான் அதற்குள் போகவில்லை.

ஆணோடு ஆண் சேர்வதைத் தடைசெய்யும் லேவியராகமம் 18:22, 20:13 இரண்டையும் உடனே எடுத்து நீட்டுவீர்கள் என்று தெரியும். அது தனி விவாதம், அதற்குத் தனியாக உட்காருவோம். தாவீது–யோனத்தான் கதையை அந்தச் சட்டத்துக்கு விதிவிலக்காகவும் காட்டமுடியாது, அந்தச் சட்டத்துக்குக் காவலாகவும் நிறுத்தமுடியாது. இந்தக் கதை அதைப் பற்றியே பேசவில்லை. சோதோமை இழுக்கும்போது மட்டும் எசேக்கியேல் 16:49ஐயும் சேர்த்து வாசியுங்கள். கெர்வம், ஆகாரத்திரட்சி, எளியவன் கையைப் பலப்படுத்தாதது என்று சோதோமின் அக்கிரமத்தைத் தீர்க்கதரிசி பட்டியல் போடுகிறார். விருந்தாளிகளைக் கெடுக்க ஊரார் திரண்டு வந்த அந்தச் சோதோம் கதைக்கு இணையான இன்னொரு கொடூரம் நியாயாதிபதிகள் 19இல், பென்யமீனின் கிபியாவில் நடக்கிறது. அந்தக் கிபியாதான் சவுலின் ஊர், யோனத்தானின் ஊர். இதைச் சொல்லி நான் எதையும் நிரூபிக்கப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரன் ஒருவன் இவ்வளவு அழகான நேசத்துக்கு உதாரணமானான் என்பதை ஒருமுறையாவது பிரசங்கத்தில் கேட்க ஆசை.

உடன்படிக்கையின் பலன் என்ன என்பதையும் நீங்கள் அதிகம் சொல்வதில்லை. யோனத்தான் செத்தபோது மேவிபோசேத்துக்கு ஐந்து வயது. தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு காலும் முடமானான். வருஷங்கள் கழித்துத் தாவீது அவனைத் தேடிப் பிடித்துத் தன் பந்தியில் உட்காரவைக்கிறான். சவுல் செய்த கொலைகளுக்குப் பழியாக அவன் வீட்டார் ஏழு பேரைக் கிபியோனியர் கையில் ஒப்புக்கொடுத்தபோதும், யோனத்தானுக்கு இட்ட ஆணையினால் அவனைத் தப்பவிட்டான் (2 சாமுவேல் 21:7). தாவீதின் நேசத்தில் எவ்வளவு அரசியல், எவ்வளவு பாசம் என்று பிரிக்க விரும்புகிறவர்கள் இந்த 21ஆம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு பிரித்துப் பார்க்கலாம். ஏழு பேரைத் தூக்கில் போட விட்டவனும் அவன்தான், ஒருவனைக் காப்பாற்றியவனும் அவன்தான்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. 1 சாமுவேல் 20ஐ எடுத்தால் 42ஆம் வசனம்வரை சத்தமாக வாசியுங்கள். 2 சாமுவேல் 1இல் தாவீதின் புலம்பலில் 26ஆம் வசனத்தைத் தாண்டாதீர்கள். ஆண் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் கைபோட்டு நடக்கவே பயப்படும் அளவுக்கு இந்தச் சந்தேகத்தை வளர்த்தது நீங்களும்தான். அந்தப் பயத்தால் யோனத்தானைப்போல ஒரு நண்பனை வைத்துக்கொள்ளக்கூட அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. எதிர்த் தரப்பில் இருக்கிறவர்களே, தன்பாலீர்ப்புள்ள விசுவாசிகளுக்குச் சபையில் மரியாதையான இடம் வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். அந்த நியாயத்துக்குத் தாவீதின் கையெழுத்து தேவையில்லை. அவன் கையெழுத்துப் போட்டான் என்று நீங்கள் சொன்னால், நாளைக்கு ஒருவர் வத்திக்கான் சுவடியைக் கொண்டுவந்து அதை அழித்துவிடுவார். அப்போது அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

கூட்டம் முடிந்து ஒரு பையனோ பெண்ணோ தனியாக வந்து, தாவீதைப் பற்றிக் கேட்பதுபோல் தன்னைப் பற்றிக் கேட்கலாம். அப்படி நடப்பது உங்களுக்கும் தெரியும். அப்போது வாசகம் என்ன சொல்கிறது, எங்கே பேச்சை நிறுத்திக்கொள்கிறது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கேட்டவர் பெயரை ஜெபக்குறிப்பில் எழுதாதீர்கள். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
வேதம் வாசிக்கும் ஒரு சபையான்